பழைய குழாய்க்கு ஒட்டா, புதுக் குழாயா?

விக்கிரமசிங்கபுரத்தில் பங்குனி மாதம் ஒரு வீட்டுச் சுவர் ஈரமாக இருந்தால் மழையின் மேல் பழி போட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஓதம் ஏறும். ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல் இறங்கும். இரண்டும் ஓய்ந்து வெயில் உச்சிக்கு வந்த பிறகும் அடுக்களைச் சுவரில் கையகலத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறதென்றால், உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாய் கசிகிறது. அன்று இரவே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். கசியும் இடத்தை மட்டும் உடைத்து ஒட்டிவிடலாம் என்பார் ஒருவர். இதோடு மொத்த லைனையும் மாற்றிவிடலாம் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் கையில் இருக்கும் பணம்தான் முடிவு சொல்கிறது. குழாய் எதனால் ஆனது, எப்படிப் பதிக்கப்பட்டது என்பதைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அதற்காக இந்த ஊரில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய இரண்டு வகை வீடுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வகை, ஆலைக் காலத்து வீடு. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி அருவி நீரின் விசையை நம்பிப் பாபநாசத்தில் நூற்பாலை தொடங்கினார்கள். அந்த ஆலையைச் சுற்றித்தான் இந்த ஊர் பெருகியது. ஆலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப்., கிராஜுவிட்டிப் பணத்திலும் கட்டிய வீடுகள் இங்கே தெருத்தெருவாக உண்டு. தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று நீளமாகப் பின்னோக்கி ஓடும் வீடுகள். இவற்றில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் லைன் இழுத்தவர்கள் ஜி.ஐ. குழாயைத்தான் போட்டார்கள். துத்தநாகம் பூசிய இரும்பு அது. அன்றைக்கு அதுவே உயர்ந்த சரக்கு.

இரண்டாவது வகை, பிற்பாடு விரிந்த பகுதிகளில் எழுந்த வீடு. குளியலறை முழுக்க டைல்ஸ், சுவருக்குள் மறைத்துப் பதித்த பி.வி.சி. அல்லது வெளிர்மஞ்சள் நிறச் சி.பி.வி.சி. குழாய், மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. வெளியே எதுவும் தெரியாது. குழாய்த் திருகு மட்டும் பளபளவென்று சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும்.

இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் ஒரே அளவு ஓதம் தெரிந்தாலும் நோய் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல் செலவுக் கணக்கு போட்டால் தவறாகவே முடியும்.

ஜி.ஐ. குழாய் உள்ளிருந்து சாகிறது. துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை இரும்புக்குக் காவல். பூச்சு தேய்ந்தபின் துரு ஆரம்பிக்கும். தண்ணீரின் குணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பாறையிலும் காட்டிலும் இறங்கிவரும் மலையாற்று நீர் மென்னீர். குழாயின் உட்சுவரில் சுண்ணப் படலம் பூசிக் காக்கும் அளவுக்கு அதில் உப்பு கிடையாது. ஆகவே இரும்பை மெல்ல மெல்ல அரிக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஓடும் குழாயின் கதை வேறு: உப்பு படிந்து படிந்து வாய் சுருங்கிக்கொண்டே போகும். மாடித் தொட்டியில் இரண்டு தண்ணீரையும் கலந்து ஏற்றும் வீடுகளில் துருவும் உண்டு, படிவும் உண்டு. உள்விட்டம் பாதியாகிவிட்டால் வரும் தண்ணீரும் பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். உராய்வும் கூடுவதால் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். புறவாசல் குழாயில் விரல் தடிமனுக்கு விழுந்த தண்ணீர் இன்று நூலாக இறங்குவதற்கு இதுதான் காரணம். திருகை மாற்றிப் பயனில்லை.

இந்தக் குழாய் முதலில் ஓட்டையாவது மரை வெட்டிய இடங்களில். மரை வெட்டும்போது இரும்பின் கனமும் குறைகிறது, துத்தநாகப் பூச்சும் போய்விடுகிறது. ஏ கிளாஸ் என்னும் மஞ்சள் பட்டைக் குழாய் ஏற்கெனவே மெல்லியது. அதில் மரை வெட்டினால் மிஞ்சுவது கொஞ்சம்தான். நீலப் பட்டை பி கிளாஸ் சில ஆண்டுகள் கூடுதலாகத் தாங்கும், சிவப்புப் பட்டை சி கிளாஸ் இன்னும் தாங்கும். ஆனால் ஒரு வீட்டில் எல்லா மரையும் ஒரே வாரத்தில் வெட்டியவை, ஒரே தண்ணீரில் நனைந்தவை, ஒரே வயது. ஓர் எல்போ கசிகிறதென்றால் மற்ற எல்போக்களும் அதே வழியில் வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அனுபவமுள்ள பிளம்பர் பழைய லைனில் பைப் ரெஞ்சை வைக்கும் முன்பே சொல்லிவிடுவார்: "அண்ணாச்சி, இதைத் திருகினா அடுத்த ஜாயிண்ட் போயிரும், என்னைச் சொல்லப்படாது." அது உண்மை. பழுதான துண்டைக் கழற்றக் கொடுக்கும் முறுக்கு, சுவருக்குள் இருக்கும் அடுத்த மரைக்கும் போய்ச் சேர்கிறது. துரு மட்டுமே அடைத்து வைத்திருந்த இடம் அந்த முறுக்கில் விட்டுப்போகும். ஆக, ஜி.ஐ. வீட்டில் ஒவ்வொரு பழுதுபார்ப்பும் அடுத்த பழுதுக்கு வழி திறந்துவிடுகிறது. ஒட்டுப் போடுவது மலிவு என்ற எண்ணம் உடைவது இங்கேதான்.

பி.வி.சி. வீட்டில் குழாய் துருப்பிடிப்பதில்லை, உட்சுவரும் அரிப்பதில்லை. அங்கே கசிவு வந்தால் அநேகமாக அது கைவேலையின் குறை. பசை சரியாகத் தடவாத ஒரு சாக்கெட், சி.பி.வி.சி. குழாய்க்கு பி.வி.சி. பசையைப் போட்ட அவசரம், குழாய்த் திருகை இறுக்கும்போது விரிசல் கண்ட பித்தளை மரைத் துண்டு, ஹீட்டரிலிருந்து வரும் சுடுநீர் லைனில் தெரியாமல் போட்டுவிட்ட சாதாரண பி.வி.சி. இப்படி ஏதேனும் ஒன்று. அந்த ஓரிடத்தைச் சரிசெய்துவிட்டால் மற்ற இடம் நன்றாகவே இருக்கும். மொட்டை மாடியில் வெயில் படும் துண்டு மட்டும் விதிவிலக்கு: ஆண்டுக்கணக்கில் காய்ந்து மொறுமொறுத்துப்போயிருக்கும், தொட்டால் விரியும்.

எந்த வீடானாலும் பணத்தை எடுக்கும் முன் செய்யவேண்டிய சோதனைகள் இரண்டு. இரண்டுக்கும் காசு வேண்டாம். இரவு எல்லோரும் படுத்தபின் திருகுகளையெல்லாம் மூடி, ஃபிளஷ் தொட்டிக்குப் போகும் ஆங்கிள் காக்கையும் அடைத்து, மாடித் தொட்டிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்து வையுங்கள். விடிந்ததும் பாருங்கள். ஆயிரம் லிட்டர் வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒன்பது, பத்து லிட்டர் போயிருக்கிறது. எட்டு மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு நாளுக்கு அறுபது லிட்டர் சுவர் குடிக்கிறது. மாடித் தொட்டி தரும் அழுத்தம் சிறியது, பத்தடி உயரத்துக்கு 0.3 பார்தான். அதனால் கசிவு சத்தமில்லாமல் மாதக்கணக்கில் நடக்கும், பீய்ச்சி அடித்து நம்மை எழுப்பாது. இரண்டாவது சோதனை: காலையில் முதல் வாளித் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடியுங்கள். செம்மண் நிறம் கண்டால் உள்ளே துரு. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயிலும், கடைசியில் உள்ள புறவாசல் குழாயிலும் ஒரே வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பாருங்கள். வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் இடையில் லைன் சுருங்கியிருக்கிறது.

இனிப் பணக் கணக்கு. கீழே வருவன கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் தெருக் கடை விலையையும் கூலியையும் அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருமுறை ஒட்டுப் போட, பிளம்பர் கூலி 1,000, கொத்தனாரும் சித்தாளும் உடைத்துப் பூச 1,700, எல்போ, நிப்பிள், யூனியன், டேப் 300, ஆக 3,000 ரூபாய் என்று வைப்போம். ஜி.ஐ. வீட்டில் ஆண்டுக்கு இரண்டு கசிவு வந்தால் 6,000. ஐந்து ஆண்டில் 30,000. அதன் பிறகும் வீட்டில் இருப்பது அதே பழைய லைன்தான். இன்னும் ஐந்து வயது கூடியிருக்கும்.

புது லைனை வெளிச்சுவரில் கிளாம்ப் அடித்து ஓட்டினால், பொருள் 15,000, பிளம்பர் கூலி 8,000, துளை போடவும் பூசவும் 2,000, ஆக 25,000. எதிர்பாராத செலவுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 30,000. ஐந்து ஆண்டு ஒட்டுச் செலவும் புது லைனும் சமம். ஆண்டுக்கு மூன்று கசிவானால் நான்காம் ஆண்டு முடியும் முன்பே புது லைன் லாபமாகிவிடுகிறது.

அதே புது லைனைச் சுவருக்குள் மறைத்துப் பதிக்க வேண்டும் என்றால்? சுவரை வெட்டவும் பூசவும் குளியலறை டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாக ஒட்டவும் இன்னொரு 35,000. மொத்தம் 65,000. ஆண்டுக்கு 6,000 என்ற ஒட்டுக் கணக்கோடு இது சமப்பட ஏறக்குறைய பதினோரு ஆண்டு வேண்டும்.

இந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஒன்று விளங்கும்: நம் பணத்தைக் குழாயைவிடச் சுவரே அதிகம் விழுங்குகிறது. குழாயை மாற்றப் பயப்படுகிறவர்கள் உண்மையில் சுவரை உடைக்கத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஜி.ஐ. வீட்டில் பழைய குழாயைத் தோண்டி எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு முனையிலும் அதை அடைத்து, சுவருக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, புதுக் குழாயை வெளிச்சுவர் வழியாக இறக்கி, தேவையான இடத்தில் மட்டும் துளை போட்டு உள்ளே கொண்டுவரலாம். நீளவாக்கில் ஓடும் நம் ஊர் வீட்டில் அடுக்களையும் குளியலறையும் புறவாசலும் பின்பக்கத்திலேயே அடுத்தடுத்து இருப்பதால் இதற்குக் குழாயும் கொஞ்சமே வேண்டும். வெளியே குழாய் தெரிந்தால் வீட்டுக்கு அழகில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓதம் ஏறிப் பொரிந்த சுவரைவிட நேராக அடித்த குழாய் அழகுதான். கசிந்தாலும் கண்ணில் பட்டுவிடும், உடைக்க வேண்டியதில்லை. இந்த ஒரு நன்மைக்காகவே ஜி.ஐ. வீட்டுக்கு வெளி லைன்தான் என் தீர்ப்பு.

பி.வி.சி. வீட்டில் கணக்கு தலைகீழ். ஒரு கசிவுக்கு 3,000, டைல்ஸ் பெயர்த்தால் இன்னும் கொஞ்சம். அது திரும்ப வராமல் பத்து ஆண்டு ஓடக்கூடும். அங்கே போய் 65,000 செலவழித்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவரின் பேச்சை ஏற்காதீர்கள். ஒரே அறையில் மூன்றாவது முறை கசிந்தால் மட்டும் அந்த அறையின் லைனை மாற்றுங்கள், ஏனென்றால் அன்றைக்கு அந்த அறையில் வேலை செய்த கை சரியில்லை. மற்ற அறைகளைத் தொட வேண்டாம். ஜி.ஐ. வீட்டுக்கு நான் வைக்கும் எல்லை இன்னும் இறுக்கமானது: ஓராண்டுக்குள் வேறு வேறு இடத்தில் இரண்டாவது கசிவு வந்ததும் ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

கடன் வாங்கிச் செய்வதாக இருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். நகையை வைத்து 30,000 வாங்கி, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 3,600 வட்டியே போகும். ஒட்டுச் செலவில் மிச்சப்படும் 6,000-இல் பாதிக்கு மேல் அதற்கே சரியாகிவிடும். எனவே கையில் பணம் இல்லாதவர்கள் வேலையை இரண்டாகப் பிரிப்பதே நல்லது. முதலில் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயும் அடுக்களை லைனும். குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் துருவோடு வரக் கூடாது. பழைய ஜி.ஐ. ஜாயிண்டுகளில் சணல் நாரோடு வெள்ளை ஈயப் பூச்சு வைத்து இறுக்கியதும் உண்டு. ஈயம் குடிதண்ணீரில் சேரவேண்டிய பொருளல்ல. குளியலறையும் புறவாசலும் அடுத்த அறுப்புக்குக் காத்திருக்கலாம். பிசானம் அறுத்துப் பணம் கைக்கு வருவதும் சுவர் காய்ந்திருப்பதும் பங்குனியை ஒட்டியே அமைவது இந்தப் பள்ளத்தாக்கின் வசதி. பாபநாசத்தில் சித்திரை விஷு கூட்டம் சேரும் முன் ஆள் பிடித்துவிட்டால் நல்லது.

வீட்டுப் பெண்கள் படும் பாடு எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறுவதில்லை. லைனை அடைத்துவைத்த நாட்களில் புறவாசலிலிருந்து அடுக்களைக்குக் குடம் குடமாகச் சுமப்பவர் யார்? வயதான ஆச்சி ஒருவர் இருக்கும் வீட்டில் நனைந்த தரையில் வழுக்கி விழுந்தால் வரும் மருத்துவச் செலவு எத்தனை குழாய்க்குச் சமம்? ஒட்டா, மாற்றா என்று பட்டாசலில் உட்கார்ந்து பேசும்போது அடுக்களையில் நிற்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை தண்ணீர் நிற்பதன் பாரம் அவருக்குத்தான் தெரியும்.

இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க வீடுகளில் குளிர்காற்றையும் வெப்பக்காற்றையும் அறைகளுக்குக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள், அவர்கள் சொல்லும் டக்ட்டுகள், கூரைக்கு மேலும் தரைக்கு அடியிலும் ஒளிந்து ஓடுகின்றன. நம் பக்கத்தில் அப்படிப்பட்டவற்றை நூற்பாலைகளில்தான் பார்க்க முடியும், நூல் அறாமலிருக்க ஈரக்காற்றைச் சுமந்து செல்லும். அந்நாட்டின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தின் கணிப்புப்படி சாதாரண வீட்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு இணைப்புகளில் கசிந்து வீணாகிறது. அங்கேயும் இதே வாதம்: அடைப்பதா, மாற்றுவதா? 1998-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் பலவகை அடைப்புப் பொருட்களைச் சோதித்தபோது, அந்தக் குழாயின் பெயரையே தாங்கிய டக்ட் டேப்தான் சூட்டில் மிக மோசமாகத் தோற்றது. குழைத்துப் பூசும் மாஸ்டிக் நின்றது. நம் வீடுகளில் எம்-சீலும் சைக்கிள் டியூபும் அந்த டேப்பின் இடத்தில் இருக்கின்றன. பிளம்பர் வரும்வரை ஒரு ராத்திரி தாங்க அவை போதும். அதையே பழுதுபார்த்த கணக்கில் சேர்ப்பது தவறு.

வேலை கொடுக்கும் முறையும் இரண்டுக்கும் வேறு. ஒட்டுப் போட நாள் கூலிதான் சரி. உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்த பிறகே தெரியும், கட்டுக்குத்தகை பேசினால் ஒருவர் நஷ்டப்படுவார். புது லைனுக்குக் கூலியைக் கட்டுக்குத்தகையாகப் பேசி, பொருளை நாமே வாங்கித் தருவது நல்லது. சி.பி.வி.சி. என்றால் அதற்கான பசையையே கேட்டு வாங்குங்கள். குழாயை அதன் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். வெயில் படும் இடத்தில் கிளாம்பை நெரித்து இறுக்க விடாதீர்கள்: மூன்று மீட்டர்க் குழாய் முப்பது டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் நீளும், அதற்கு இடம் வேண்டும். மாடியில் ஓடும் பகுதிக்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிடச் சொல்லுங்கள். பேசிய கூலியில் கால் பங்கை நிறுத்திவைத்து, லைனில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்பதைப் பார்த்த பிறகே கொடுங்கள். நல்ல பிளம்பர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒட்டுப் போட்டாலும் புதிதாகப் போட்டாலும், கொத்தனார் பூசத் தொடங்கும் முன் திறந்து கிடக்கும் குழாயைச் செல்போனில் படம் எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து ஒரு தாளில் குறித்து, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அடுத்த முறை சுவரை உடைக்கப்போவது உங்கள் பிள்ளைகளாக இருக்கலாம். அவர்கள் ஒரே இடத்தில் உடைத்தால் போதும்.